மார்கழி பிறந்தது வானத்துக்கு எப்படித் தெரிந்தது?

அணைந்த திரியின் மணம் வந்தால் எனக்குச் சாமியறை நினைவுக்கு வருவதில்லை. வெப்பமானி நினைவுக்கு வரும். போன கிழமை மின்சாரம் போய் வந்தபோது மகள் விளக்கை ஊதி அணைத்தாள். கருகிய எண்ணெய் மணம், நூல் பிரிந்ததுபோல் மேலே ஏறும் வெள்ளைப் புகை. நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "என்னம்மா, எங்கை போகப் போறியள்?" என்றாள். எங்கே போவது? வன்னிக்கு, அக்கராயனுக்குத்தான். பனி இறங்கிய புல்லுக்கு, நாலு காலில் நிற்கும் அந்த வெள்ளைப் பெட்டியடிக்கு.

அதே கிழமை, நான் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு விட்டுவந்த வானிலை நிலைய வேலையை இப்போது பார்க்கிற பிள்ளையொருத்தி தொலைபேசியில் கேட்டாள். "அன்ரி, இப்ப எங்களிட்டைப் பெட்டியும் இல்லை, பாதரசமும் இல்லை. எல்லாம் மெசின் தானே அளந்து தானே அனுப்புது. உங்கட காலத்து மார்கழி உண்மையிலேயே குளிரோ, இல்லாட்டி வயசு போன ஆக்கள் சொல்லுற கதையோ?"

வயசு போன ஆக்கள்! அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஓம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற கேள்வி அல்ல அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுபத்தேழில் எனக்கு வேலை கிடைத்தது. கொழும்பில் பயிற்சி. முகில்களுக்குப் பெயர், பெயர்களுக்கு இலக்கம், காற்றுக்குத் திசை. அந்த ஆண்டு இனக்கலவரத்தில் பயிற்சி பாதியில் முறிந்தது. மிச்சத்தை வேலையோடு வேலையாகப் படித்துக்கொள் என்று அக்கராயன் பக்கத்துப் பண்ணையொன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வந்த அதே மாதங்களில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்தவர்கள் பண்ணைக்கு அப்பால் காட்டு விளிம்பை வெட்டிக் குடிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களும் ஒரே மழைக்கு வந்து சேர்ந்த ஈசல்கள்.

பண்ணையின் நடுவே வேலியடைத்த சதுரப் புல்தரை. அதற்குள் மழைமானி, நீர் ஆவியாகும் தட்டம், வெள்ளைப் பெட்டி. பெட்டி என்றால் சாய்வுப் பலகைகளால் சுவர் செய்த சிறு வீடு. காற்று போய்வரும், வெயில் போகாது. வடக்குப் பக்கம் கதவு. உள்ளே நாலு வெப்பமானிகள். இரண்டு நிற்கும், இரண்டு படுத்திருக்கும். படுத்திருப்பவற்றில் ஒன்று பகலின் உச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். மற்றது இரவின் அடித்தட்டை. அதற்குள் ஒரு குட்டிக் கறுப்பு ஊசி. குளிர் இறங்க இறங்க அதுவும் கீழே இறங்கும். பிறகு சூடு ஏறினாலும் அது ஏறாது, கிடந்த இடத்திலேயே கிடக்கும். காலையில் நான் போகும்வரை அந்த ஊசி எனக்காக விடியலின் குளிரைக் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு அப்போது இருபதும் சொச்சமும். அப்படி ஒன்று எனக்காகக் காத்திருப்பது பிடித்திருந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்து மனிதர். மெலிந்த உடம்பு, காற்சட்டைக் காலில் எப்போதும் சைக்கிள் கிளிப். அவர் பெட்டியைத் திறக்கும் முறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் காண்பேன். வேலி வாசலில் செருப்பைக் கழற்றுவார், எங்களையும் கழற்றச் சொல்வார். "செருப்புப் பட்டால் புல்லுத் தேயும் பிள்ளை. புல்லுத் தேஞ்சால் மண் தெரியும். மண் தெரிஞ்சால் அது வெறும் மண்ணின்ரை சூடு." கதவைத் திறக்கும்முன் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. பிறகு மூச்சே கிடையாது. குனிந்து, முதலில் பாகையின் தசமத்தை வாசிப்பார், பிறகுதான் முழு எண்ணை. ஆள் கிட்டப் போனாலே வெப்பமானி ஏறத் தொடங்கும். முதலில் மாறுவது தசமம்தான் என்பது அவர் நியாயம். கதவைச் சாத்தி, இரண்டடி பின்னுக்கு வந்து, அதற்குப் பிறகே மூச்சு, அதற்குப் பிறகே சொல். இந்தப் பழக்கம் அவரை வாழ்க்கை முழுக்கப் பிடித்துவிட்டது. நேரம் கேட்டால் முதலில் நிமிடத்தைத்தான் சொல்வார். "இருபது" என்பார். எத்தனை மணியின் இருபது என்று நாங்கள் காத்து நிற்கவேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எண்பதுகளின் தொடக்கத்தில், மாவட்ட அலுவலகமான கச்சேரியின் காணிப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. குளத்தடியில் பழைய காலம் தொட்டு வயல் செய்கிறவர்கள் முறையிட்டிருந்தார்கள். புதிதாய் வந்தவர்கள் காட்டை வெட்டியதால் ஊர் சூடாகிவிட்டது, பனி குறைந்துவிட்டது, நெல்லுப் பால் பிடிக்கவில்லை என்று. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு, மாதவாரியாக, உண்மையோ இல்லையோ என்று அறிக்கை தரவேண்டும். உண்மை என்றால் அடுத்து என்ன என்பது கடிதத்தில் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குடிசைகளைப் பிடுங்குவார்கள்.

புல்தரையில் புல் வெட்ட வருகிறவள் பாக்கியம். காட்டு விளிம்புக்காரி. வாயாடி. அன்றைக்கு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "மிஸ், எங்க தலையெழுத்து ஒங்க பெட்டிக்குள்ள இருக்காமே?"

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. ஒருக்கா அடிச்சு வெரட்டுனாங்க, வந்தோம். இங்கயும் போன்னா எங்க மிஸ் போறது, கடலுக்கா?"

சேர் எந்தக் கேள்வியையும் உடனே நம்பமாட்டார். அதுவே அவருடைய மரியாதை. எங்கள் நிலையம் வருவதற்கு முந்திய காலத்தில், வெள்ளைக்காரன் நாள் முதல், குளக்கட்டடியில் நீர்ப்பாசன பங்களாவில் வெப்பம் பதிந்திருந்தார்கள். எல்லாம் பழைய பரனைற் பாகைக் கணக்கு. அவற்றைச் செல்சியசுக்கு மாற்றி, மாதம் மாதமாகச் சராசரி எடுத்து, எங்களுடையதோடு பக்கத்தில் வைத்தோம். சூடு கூடிய மாதத்துக்குச் சிவப்புப் பென்சில், குறைந்ததுக்கு நீலம். நீலப் பென்சிலை நான் சீவவே தேவை வரவில்லை. எல்லாம் சிவப்பு. டிசம்பரும் ஜனவரியும் கடுஞ்சிவப்பு.

"அப்ப உண்மைதானே சேர்?" என்றேன்.

"பொறும் பிள்ளை. சூடானது ஊரோ, வெப்பமானியோ, நாங்களோ?"

முதலில் வெப்பமானியைச் சந்தேகித்தார். கிளிநொச்சிச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் லொறியில் மரத்தூள் மூடிய ஐஸ் கட்டி வாங்கினோம். சாக்கில் போட்டு உலக்கையால் அடித்து, வாளியில் நிரப்பி, உருகத் தொடங்கிய ஐசுக்குள் வெப்பமானிகளைச் செருகினோம். உருகும் ஐஸ் பொய் சொல்லாது. சரியான பூச்சியத்தில் நின்றால் வெப்பமானி நல்ல பிள்ளை. எங்கள் கந்தோர் அறை முழுக்க மீன் மணம். பூனைகள் வாசலில் வந்து வரிசையாய் இருந்தன. வெப்பமானிகள் எல்லாம் பூச்சியத்தில் நின்றன. சேர் கொஞ்சம் ஏமாந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்துச் சந்தேகம் இடத்தில். பழையது குளக்கட்டு, எங்களது வெட்டவெளி. கறையான் தின்று கழித்துப் போட்டிருந்த பழைய பெட்டியொன்றைத் தட்டி ஒட்டி வெள்ளையடித்து, குளக்கட்டில் பழைய இடத்திலேயே நிறுத்தினோம். தினமும் காலையில் பண்ணைப் பெட்டியை வாசித்துவிட்டுச் சைக்கிளில் குளத்துக்கு ஓடுவேன். தாமரை இலைமேல் நடக்கும் நீளக்கால் குருவிகளுக்கு என்னை மனப்பாடம். சில மாதத்தில் ஒன்று தெளிந்தது. பகலில் பண்ணையைவிடக் குளத்தடி குளிர்மை. ஆக, பகல் சிவப்பில் பெரும்பகுதி ஊர் சூடானதால் அல்ல, பெட்டி இடம் மாறியதால்.

ஆனால் இரவு? தண்ணீர் பகற்சூட்டை வைத்திருந்து இரவில் விடும். அதனால் இரவில் குளத்தடிதான் பண்ணையைவிட வெதுவெதுப்பு. அப்படியென்றால் பழைய குளக்கட்டு இரவுகள் எங்களுடையதைவிடச் சூடாக இருந்திருக்கவேண்டும். பதிவோ, குளிராக இருந்தன என்கிறது.

"பகல் கணக்குத் தீந்துது," என்றார் சேர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "இரவுக் கணக்கு முந்தியதைவிட மோசமாப் போச்சு." சொன்ன முகத்தில் கவலை இல்லை. விளையாடப் புதுக் கணக்குக் கிடைத்த பொடியனின் முகம். எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் கணக்குக்குள் பாக்கியத்தின் கூரை இருந்தது.

டிசம்பர் பிறந்தது. இரண்டு பெட்டிகளையும் அருகருகே எழுதிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு விடியலும் பண்ணை, குளத்தைவிடக் கொஞ்சம் குளிர். ஒழுங்கான இடைவெளி, அண்ணன் தம்பி நடந்து போவதுபோல. பிறகு மாத நடுவில் ஒரு நாள் அந்த இடைவெளி இல்லாமல் போயிற்று. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும். குளத்தடி விடியல் குளிர்ந்துகொண்டே இறங்க, எங்கள் பண்ணைக் குளிர் பாதி வழியில் குந்திக்கொண்டது.

சேர் சுவரில் தொங்கிய கலண்டருக்குக் கிட்டப் போய் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு என்ன நாள் தெரியுமோ? மார்கழி முதலாந் திகதி."

பழைய பதிவு இடாப்புகளை இழுத்துப் போட்டோம். முந்திய ஆண்டும் அப்படி, அதற்கு முந்திய ஆண்டும் அப்படி. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில், தைப்பொங்கலோடு, நின்றுவிடுகிறது. ஆங்கில மாதச் சராசரியில் பாதி இங்கும் பாதி அங்குமாய் அடிபட்டுப் போனதால் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. சேர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "மார்கழி பிறந்தது வானத்துக்கு எப்படித் தெரியும்? ஆர் அதுக்குப் பஞ்சாங்கம் வாசிச்சது?"

நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது. இந்த மார்கழி வெப்பம் தொடங்கிய ஆண்டு, அவர்கள் வந்து குடியேறிய ஆண்டு. அதற்கு முந்திய இடாப்புகளில் அது இல்லவே இல்லை. சொன்னேன். சேரின் சிரிப்பு நின்றது.

"அப்ப வயல்காரர் சொன்னது சரியெண்டு வருமோ..." என்று மெல்லச் சொன்னார். "நாளைக்கு விடியமுன்னம் வாரும். போய்ப் பாப்பம்."

மறுநாள் பனி முகத்தில் நூலாம்படைபோல ஒட்டியது. நெல்லுக் களஞ்சியத்தின் மூலையில் நின்றோம். மெல்லிய பாட்டுச் சத்தம் கேட்டது. ஈரத் தலைமுடியோடு நாலைந்து பெண்கள், முன்னுக்குப் பாக்கியம். வேலி வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். புல்லை மிதிக்காமல் ஓரமாய் நடந்தார்கள். பெட்டியின் நாலு காலுக்கும் நடுவே, சுற்றிவரத் துளைபோட்ட பானையொன்றை வைத்தார்கள். அதற்குள் விளக்கும் தணலும் சாம்பிராணியும். பானையின் வாயிலிருந்து வெதுவெதுப்பு நேரே மேலே போய்ப் பெட்டியின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே, இரவின் கடைசிக் குளிருக்குக் கீழே இறங்கவேண்டிய அந்தக் கறுப்பு ஊசி, இறங்காமல் கிடந்திருக்கும்.

சேர் வெளியே வந்தார். பெண்கள் பதறி ஒதுங்கினார்கள். பாக்கியம் மட்டும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"பாக்கியம், என்ன இது?"

"சாமி கும்புடுறோம் தொரை."

"என்னைத் துரை எண்டாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். இஞ்சை எங்கை சாமி?"

அவள் தாடையால் பெட்டியைக் காட்டினாள். "உள்ள. நாங்க தொறக்கல தொரை. தொறக்கிறது ஒங்க வேல. நீங்க வாறதுக்குள்ள பானைய எடுத்துட்டுப் போயிருவோம்."

"இதுக்குள்ளை சாமி இருக்கெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"சொல்லணுமா? தெனமும் காலையில வாறீங்க. செருப்ப வாசல்ல கழட்டுறீங்க. கதவத் தொறந்து குனியிறீங்க. மூச்சுக்கூட விடமாட்டேங்கிறீங்க. கதவச் சாத்திட்டு, பின்னால நடந்து வந்துதான் வாயத் தொறக்குறீங்க. எங்க தோட்டத்துப் பூசாரிக்கே அம்புட்டு பக்தி கெடையாது. குடிச்சிட்டு வருவாரு."

பின்னுக்கு நின்ற ஒருத்தி துணிந்துவிட்டாள். "மழத் தண்ணியக்கூட அளந்துதானே ஊத்துறீங்க. அதத்தான் தீர்த்தமா..."

"குடிச்சனீங்களோ?"

"கொஞ்சந்தாங்க."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அதைவிட ஆவல் பெரிதாய் இருந்தது. "அந்தச் சாமிக்கு என்ன பேர் பாக்கியம்?"

"தெரியாது மிஸ். நீங்கதான் தெனமும் ஏதோ எழுதுறீங்களே, பேருதான் எழுதுறீங்கன்னு நெனச்சோம். எங்க சாமிய தோட்டத்துலயே வுட்டுட்டு ஓடியாந்துட்டோம். ஏதோ ஒரு சாமி, நெதமும் பூச நடக்கிற சாமி. கேக்காமலா போயிரும்?"

சேர் செருப்பைக் கழற்றினார். கழற்றும்போது தன் கையையே ஒரு கணம் பார்த்தார். உள்ளே போய்க் கதவைத் திறந்து, டோர்ச் வெளிச்சத்தில் அவளைப் பார்க்கச் சொன்னார். பாக்கியம் குனிந்தாள். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரு நிக்கிறாங்க," என்றாள் மெல்ல. "ரெண்டு பேரு படுத்திருக்காங்க."

சேர் விளக்கிச் சொன்னார். விளக்கின் சூடு மேலே ஏறும், ஊசி இறங்காது, ஊர் குளிர்ந்தாலும் நாங்கள் குளிரவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அவள் கேட்டுக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

"அப்ப நாங்கதான் சூடாக்கிட்டமா? இதையும் எழுதுவீங்களா? எழுதுனா எங்கள எழுப்பிருவாங்களா தொரை?"

சேர் கதவைச் சாத்தி, இரண்டடி பின்னுக்கு வந்தார்.

அந்த அறிக்கைதான் என் வேலைக்காலத்தில் நான் கண்ட மிகக் கடினமான எழுத்து. விளக்கைச் சொல்லாமல் விட்டால் மார்கழிச் சிவப்பு அவர்கள் வெட்டிய காட்டின் தலையில் விழும். சொன்னால், அரசாங்கக் கருவியைக் கெடுத்த கூட்டம் என்று இன்னொரு வழியால் விழும். சேர் எழுதுவார், கிழிப்பார், வாசலில் போய் நின்று முகிலைப் பார்ப்பார்.

"நீரெண்டால் என்ன செய்வீர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"மார்கழியை முழுக்க எடுத்துப்போட்டு மிச்சத்தைக் குடுப்பன் சேர்."

"ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேப்பினம். கேக்கவும் வேணும். கேக்காத ஆளுக்கு அறிக்கை எழுதி என்ன பிரயோசனம்?"

மார்கழியை ஒதுக்கிவிட்டு மற்ற மாதங்களைத் திரும்பப் பார்த்தோம். இரவுகளில் சிறு வெப்பம் ஒன்று மிஞ்சி நின்றது. எல்லா மாதத்திலும், மெலிதாக, பிடிவாதமாக. ஐஸ் வாளி அதைத் தீர்க்கவில்லை, குளக்கட்டு தீர்க்கவில்லை, விளக்கும் தீர்க்கவில்லை. ஆனால் பாக்கியத்தின் ஆட்கள் வருவதற்கு முந்திய ஆண்டுகளிலும், எங்கள் நிலையம் தொடங்கிய காலத்திலேயே, அது இருந்தது. அவர்கள் காட்டில் முதற் கத்தி வைக்குமுன்னரே இரவு சூடேறியிருந்தது. ஏன்? சேருக்குத் தெரியவில்லை. "பக்கத்து நிலையங்களையும் பாக்கவேணும். ஒரு பெட்டியாலை உலகத்தைப் பாக்கேலாது," என்றார்.

கடைசியில் எல்லாவற்றையும் எழுதினார். பகல் வெப்பத்தில் பெரும்பகுதி இடமாற்றத்தால். மார்கழி வெப்பம் விளக்கால். விளக்கு வைக்கப்பட்டது உத்தியோகத்தர்களின் நடத்தை வழிபாடு எனக் கருதப்பட்டதால். அதற்குப் பொறுப்பு நிலையப் பொறுப்பாளரான தான். மிஞ்சுகிற இரவு வெப்பம் உண்மை, அது குடியேற்றத்துக்கு முந்தியது, காரணம் தெரியாது. காடு வெட்டுவதால் சூடு கூடாது என்று தான் சொல்லவில்லை, இந்தப் பதிவுகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தட்டெழுத்தில் நான்தான் அடித்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் விரல் தயங்கியது. "அடியும் பிள்ளை," என்றார்.

அதற்கிடையில் பாக்கியத்தின் ஆட்களுக்கு ஒரு சாமிவீடு வேண்டுமே. குளக்கட்டில் நின்ற கழித்த பெட்டியைச் சேர் அவர்களுக்கே கொடுத்தார். காட்டு விளிம்பில் ஒரு பாலை மரத்தின் கீழே தூக்கி வைத்தோம். அங்கேயும் ஒரு சண்டை.

"கதவு வடக்கைப் பாக்கவேணும்," என்றார் சேர்.

"கோயிலு கெழக்கப் பாக்கணும் தொரை."

"கிழக்கெண்டால் காலை வெயில் நேரை உள்ளை விழும்."

"வுழட்டுமே. சாமிக்கு வெயிலு ஆகாதுன்னு எந்த ஊருல சொன்னாங்க?"

சேர் தோற்றார். சாய்வுப் பலகைச் சுவரோடு, கிழக்கைப் பார்த்து, கறையான் தின்ற அந்தப் பெட்டிக்குள் ஒரு கல் குடியேறியது. வன்னியில் அத்தனை காற்றோட்டமான கோயில் வேறு இருந்திருக்காது.

அடுத்த மார்கழியில் எங்கள் ஊசி ஒழுங்காய் இறங்கியது. இரவின் மெல்லிய வெப்பம் மட்டும் அப்படியே நின்றது. பிறகு வந்த ஆண்டுகளில் போரால் பாதைகள் மூடின, இடாப்பில் நாட்கள் வெறுமையாய்க் கிடந்தன, எண்பத்தொன்பதில் நானும் அங்கிருந்து மாறிவிட்டேன். அந்த மிச்ச வெப்பத்தை எண்ணாமல் எனக்கு ஒரு விடியலும் போனதில்லை. இப்போது உலகமே அதைப் பற்றிக் கதைக்கிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர், ஒரு சிவப்புப் பென்சில்.

அறிக்கையைப் படித்த தலைமைக் கந்தோரில் சேருக்குப் "பூசாரி" என்று பட்டம் வைத்துச் சிரித்தார்களாம். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, இடமாற்றம் வந்தது. சிங்களப் பக்கத்தில் எங்கோ ஒரு சின்ன நிலையம்.

அவர் போன நாள் வெயில் வெள்ளையாய்க் காய்ந்தது. சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு சூட்கேஸ், கயிறு கட்டிய புத்தகப் பெட்டி, காலில் இன்னும் சைக்கிள் கிளிப். பாக்கியம் ஓடிவந்தாள், இடுப்பில் ஒரு பூசணிக்காய்.

"தொரை! காணி அளக்கிறவங்க வந்தாங்க. எங்க எடத்த சங்கிலி புடிச்சு அளந்து, நாலு மூலையிலயும் கல்லு நட்டுட்டுப் போனாங்க. கல்லு நட்டா எழுப்பமாட்டாங்கதானே?"

"கல்லு நட்டவையோ?" சேர் சூட்கேசைக் கீழே வைத்தார். "ஆழமாவோ?"

"ஆட்டிப் பாத்தேன். அசையல."

பஸ் வளைவில் தெரிந்தது. பூசணிக்காயை அவர் கையில் திணித்துவிட்டு, அவள் வழியை மறித்தாற்போல் நின்றாள்.

"போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ஐசுல போட்டீங்க, கொளத்துல வச்சீங்க, எங்க வெளக்கையும் புடிச்சீங்க. கடைசியில இந்த ஊரு சூடாகுதா, இல்லையா?"

சேர் படியில் ஒரு காலை வைத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நடத்துநர் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஆகுது போலை. மிச்சம் எனக்குத் தெரியாது பாக்கியம்," என்றார். "நீ இஞ்சையே இருந்து பாத்துச் சொல்லு."